மொனோவியா, டிரிஸ்டனா: எது தனிமை?

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மொனோவி என்றொரு ஊர். 2010 கணக்கெடுப்பில் அங்கே இருந்தது ஒரே ஒரு ஆள், வயதான ஒரு பெண்மணி. மேயரும் அவர்தான், மதுக்கடை நடத்துவதும் அவர்தான், அந்தக் கடைக்கு உரிமம் தருவதும் அவரேதான்! 2020-இல் மக்கள்தொகை 2 என்று வந்தது. யாரும் குடிவரவில்லை, தனிநபர் விவரம் வெளியே தெரியாமலிருக்கக் கணக்கெடுப்புத் துறை எண்களைக் கொஞ்சம் கலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

சரி, தென் அட்லாண்டிக்கில் இருக்கும் டிரிஸ்டன் டா குன்ஹாவுக்கு வருவோம். எரிமலைத் தீவு, விமான நிலையம் கிடையாது, கேப்டவுனிலிருந்து சுமார் 2,800 கி.மீ., கப்பலில் போனால் கிட்டத்தட்ட ஒரு வாரம். ஆனால் அங்கே 200 பேருக்கு மேல் இருக்கிறார்கள். 1961-இல் எரிமலை வெடித்து ஊரையே இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள், 1963-இல் பெரும்பாலானோர் பிடிவாதமாகத் திரும்பி வந்துவிட்டார்கள்.

மொனோவியில் 1930-களில் சுமார் 150 பேர் இருந்தார்கள். சாலை வசதியுள்ள சமவெளிதான், ஆனால் விவசாயம் நொடித்ததும் இளைஞர்கள் அதே சாலையில் வண்டியேறிப் போய்விட்டார்கள். கடல் சூழ்ந்த தீவைவிட எனக்கு மொனோவிதான் தனிமையாகத் தெரிகிறது. அப்புறம், அங்கே ஒரு குட்டி நூலகமும் உண்டு, சுமார் 5,000 புத்தகங்களோடு.