தேசிக்காய் மின்கலப் பெட்டி: தகடு நல்லது, விளக்கு பிழை

தரம் 8இல் படிக்கும் மகளுக்காக ஹட்டன் நகரத்துக் கடையொன்றில் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கிய ‘வீட்டிலேயே மின்கலம்’ பெட்டியை இரண்டு வார இறுதிகள் பயன்படுத்திப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். உள்ளே நாகத் (சிங்க்) தகடு இரண்டு, செப்புத் தகடு இரண்டு, கவ்வி பொருத்திய வயர் நான்கு, வெள்ளை எல்ஈடி ஒன்று, ஒரு துண்டுப்பிரசுரம், அவ்வளவுதான்.

தகடுகளில் குறை சொல்வதற்கில்லை. மண்கடதாசியால் தேய்த்துத் தேசிக்காயில் செருகியதும் பல்மானி (மல்டிமீற்றர்) 0.9 வோல்ட் காட்டியது. தொல்லை விளக்கில்தான். இரண்டு தேசிக்காய் போதும் என்று பிரசுரம் சொல்கிறது. ஆனால் இரண்டையும் தொடராக இணைத்தாலும் கிடைப்பது 1.8 வோல்ட்தான், வெள்ளை எல்ஈடிக்கோ ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். வயரை எத்தனை தடவை மாற்றிக் கவ்வினாலும் அது எரியப்போவதில்லை. பிழை தன் கையில்தான் என்று நினைத்து மகள் முகம் வாடியதைப் பார்த்தபோது, இதைத் தயாரித்தவர்கள் ஒரு தடவையாவது செய்து பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றியது.

கூரைத் தகரம் அடிக்க வைத்திருந்த நாகப்பூச்சு ஆணிகள் இரண்டையும், பழைய வயரிலிருந்து உரித்தெடுத்த செப்புக் கம்பியையும் இன்னும் இரண்டு காய்களில் செருகினோம். நான்கும் சேர்ந்து 3.5 வோல்ட் வந்தது. அறை விளக்கை அணைத்ததும் எல்ஈடி மங்கலாகத் தெரிந்தது. மின்னோட்டம் ஒரு மில்லியம்பியரைக்கூட எட்டாததால் அதற்கு மேல் வெளிச்சத்தை எதிர்பார்க்க முடியாது. பிறகு சாற்றைத் தேநீர்க் கோப்பைகளில் பிழிந்து, தகடுகளை அதில் நிறுத்தி வைத்தோம். சிறிது நேரத்தில் செப்பின் மேல் ஊசிமுனை அளவில் ஐதரசன் குமிழிகள் ஒட்டிக்கொள்ள, விளக்கு தளர்ந்தது. தகட்டைத் துடைத்து மீண்டும் வைத்தபோது கொஞ்சம் தேறியது. கொடுத்த பணத்துக்கு உருப்படியாகக் கிடைத்தது இந்தக் காட்சிதான். பிரசுரத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பதிலாக, ‘பழத்தில் ஒளிந்திருக்கும் மின்சாரம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கரைந்துபோகும் நாகம்தான் சக்தியைத் தருகிறது. பழச்சாறு மின்பகுபொருள், அதாவது தகடுகளுக்கிடையே மின்னேற்றத்தைக் கடத்தும் திரவம், மட்டுமே. மின்கலத்தை உருவாக்கிய இத்தாலிய விஞ்ஞானி வோல்ற்றா 1800இல் தமது மின்கல அடுக்கை உப்புநீரில் நனைத்த அட்டைத் துண்டுகளை வைத்தே செய்தார், பழம் எதுவும் தேவைப்படவில்லை. இதைவிட மோசம், தமிழ்ப் பகுதியில் நாகத்தைத் ‘தகரம்’ என்று மொழிபெயர்த்திருப்பது. அதை நம்பிய மகள் பால்மா டின்னை வெட்டிச் செருகிப் பார்த்தாள். அரை வோல்ட்டளவே வந்தது, விரலிலும் ஒரு கீறல்.

செருகிய காயைப் பிறகு சாப்பிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் இல்லை. நாகமும் செப்பும் கரைந்திருக்கும் அந்தச் சாற்றை என் அம்மா பிளேன்டீயில் பிழியப் போன நேரத்தில் நான் அங்கே இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

கடையில் சொன்னபோது, கொழும்பிலிருந்து இப்படித்தான் வருகிறது என்றார்கள். வாங்குவதென்றால் ரேடியோ திருத்தும் கடையில் ஒரு சிவப்பு எல்ஈடியும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். அது மூன்று காயிலேயே எரிகிறது; மூன்றாவது காய்க்குக் கூரை ஆணி ஒன்றும் செப்புக் கம்பித் துண்டொன்றும் போதும்.