ஹட்டனில் ஒரு நாள் குறுங்காணொளிப் பயிற்சி: உணவுப் படக் கலைஞருக்கு எவ்வளவு பயன்?

உணவைப் படம் பிடிப்போருக்கென இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் ஒரு புகைப்பட நிலையம் நடத்திவரும் ஒரு நாள் குறுங்காணொளிப் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். நுவரெலியா, பண்டாரவளை, எல்ல ஆகிய இடங்களின் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் படம் எடுத்துக் கொடுக்கும் நம்மவர்களிடம் நல்ல படங்களுக்குக் குறைவில்லை. ஆயினும் 2020ஆம் ஆண்டு இன்ஸ்டகிராமில் ரீல்ஸ் என்னும் குறுங்காணொளி வசதி அறிமுகமான பின்னர், அசையாப் படங்களை மட்டும் பதிவிட்டுப் புதிய வாடிக்கையாளரைத் தேடிக்கொள்வது கடினமாகிவிட்டது. அந்தக் குறையைப் போக்க இப்பயிற்சி பெரிதும் உதவும் என்பது என் கருத்து. பிற்பகல் அமர்வைப் பற்றி மட்டும் எனக்கு முறைப்பாடு உண்டு.

முற்பகலில் பயிற்றுநர் வலியுறுத்திய ஒரு விடயத்துக்காகவே கட்டணத்தைக் கொடுக்கலாம். உணவை விற்கும் காணொளி வேறு, உணவைப் படமெடுப்பவரின் திறமையை விற்கும் காணொளி வேறு. முன்னதைப் பார்ப்பவர் பசியோடு இருப்பவர். பின்னதைப் பார்க்க வேண்டியவர் உணவகத்தின் உரிமையாளர். தம்முடைய இருண்ட சமையலறையிலும் இத்தகைய படம் கிடைக்குமா என்பதையே அவர் அறிய விரும்புகிறார். ஆகவே, முடிந்த படத்தை முதல் இரண்டு வினாடிகளுக்குக் காட்டி, உடனே அதே மேசையின் சாதாரணத் தோற்றத்துக்குப் போய், திரைச்சீலை விலகுவதையும் வெள்ளை அட்டை நிழலைத் தணிப்பதையும் காட்டி, மீண்டும் அந்தப் படத்தில் முடிக்குமாறு கற்பிக்கிறார்கள். கரண்டியும் கையும் மட்டுமே தெரியும் காணொளிகளைத் தொடர்ந்து பதிவிடும் பலர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

பயிற்சிக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு குவளைச் சாயத் தண்ணியும் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுப் பாடங்களில் வரும் கேக்குகளை விட்டு நம் வீட்டு உணவையே தெரிவு செய்தது மிகச் சரியான முடிவு. ஏனெனில் கருகிய புள்ளிகளுள்ள ரொட்டியின் மேற்பரப்பைக் காட்டப் பக்கவாட்டு ஒளி வேண்டும். ஆவியைக் காட்டவோ பின்னிருந்து வரும் ஒளியும் இருண்ட பின்னணியும் வேண்டும். மலையகக் குளிரில் ஆவி விரைவாக ஒடுங்கி அடர்த்தியாகத் தெரிவது நமக்கு இயற்கை தந்த வசதி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பனிமூட்டமே ஒளியைப் பரப்பிக் கொடுக்கிறது. அந்நேரத்தில் படத்தில் நீலம் ஏறாதவாறு வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் கமரா அமைப்பை, நிலைநிறுத்திக்கொண்டால் தனி விளக்கு வாங்கும் செலவும் மிச்சமாகும்.

தொழில்நுட்பப் பகுதி சுருக்கமாக இருந்தாலும் தெளிவாக இருந்தது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், பல மின்குமிழ்கள் வினாடிக்கு 100 முறை மினுங்குகின்றன. ஷட்டர் வேகத்தை, அதாவது ஒவ்வொரு சட்டகத்துக்கும் (காணொளியின் தனிப் படத்துக்கும்) ஒளியை உள்ளே விடும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 வினாடியில் வைத்தால் காணொளியில் கோடுகள் ஓடா. வினாடிக்கு 120 சட்டகங்களில் மெதுவாக ஓடும் காட்சியை எடுக்கும்போது அவ்வேகங்களை வைக்க முடியாதாகையால், அதை யன்னலோர ஒளியில் மட்டும் எடுக்க வேண்டும். கடை விளக்கில் எடுத்த காட்சிகள் ஏன் துடிக்கின்றன என்று தெரியாமல் கைபேசியைக் குறை கூறுவோருக்கு இந்த விளக்கம் ஒன்றே பெரிய உதவி. 9:16 அளவில், அதாவது 1080க்கு 1920 படப்புள்ளிகளில் எடுக்கவும், செயலியின் பொத்தான்களும் விபரங்களும் மறைக்கும் கீழ்ப்பகுதியிலும் வலது ஓரத்திலும் உணவையோ எழுத்தையோ வைக்காதிருக்கவும் கூறினார்கள்.

பிற்பகல் அமர்வு அந்தத் தரத்தில் இல்லை. அப்போது பரவலாகக் கேட்கப்படும் திரைப்பாடலைச் சேர்த்தால் போதும் என்ற அறிவுரை எனக்கு ஏற்புடையதன்று. வணிகக் கணக்குகளுக்கு இன்ஸ்டகிராமின் முழுப் பாடல் தொகுப்பும் திறந்திருப்பதில்லை. பதிப்புரிமைச் சிக்கல் எழுந்தால் காணொளியின் ஒலி முடக்கப்படலாம். அம்மியில் சம்பல் அரைபடும் ஓசையையும் ரொட்டிக்கல்லின் சீற்றத்தையும் அருகிலிருந்து பதிவு செய்யக் கற்பித்திருந்தால் அச்சிக்கலும் இல்லை, காணொளிக்கு நம் ஊரின் குரலும் கிடைத்திருக்கும். இதைவிட என்னை வருத்தியது, திரையில் தமிழில் எழுதுவது பற்றி ஒரு சொல்லும் கூறாமல் விட்டது. சில தொகுப்புச் செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றும். அலங்கார எழுத்துருக்கள் பலவற்றில் தமிழே இருப்பதில்லை. வந்திருந்தவர்கள் அனைவரும் தமிழர்களாக இருந்தும் மாதிரிக் காணொளிகள் எல்லாவற்றிலும் ஆங்கிலமே இருந்தது. தோட்டத்து இளைஞர் ஒருவர் இது பற்றிக் கேட்டபோது, அடுத்த முறை பார்ப்போம் என்று விடை வந்தது. அந்தக் கேள்விக்கு அன்றே அரை மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

படமெடுப்பதில் ஓரளவு பழக்கமுள்ளவர்களுக்கு இப்பயிற்சியைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கமராவை இப்போதுதான் கையில் எடுப்பவர்கள் முதலில் ஒளியைப் பழகிக்கொண்டு பின்னர் செல்வது நல்லது. செல்பவர்கள் கமராவையோ கைபேசியையோ தாங்கும் ஒரு முக்காலியையும், தாங்கள் ஏற்கெனவே எடுத்த சிறந்த உணவுப் படங்களையும் கொண்டு செல்ல வேண்டும்; முற்பகல் பயிற்சி அந்தப் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது.