சண்டை ரோபோவுக்கான மலிவு இஎஸ்சிகள்: எந்தக் குறை அயனுக்கு அடங்கும்?

கடலூரில் 1.36 கிலோ பிரிவில் சண்டை ரோபோ கட்டும் எங்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்கும் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் (இஎஸ்சிகள்) மூன்று: பொம்மைக் காருக்கான 320 ஆம்பியர் இஎஸ்சி, பிடிஎஸ் 7960 சிப் கொண்ட மோட்டார் இயக்கி போர்டு, டிரோனின் பிரஷ் இல்லாத மோட்டாருக்கான பிரஷ்லெஸ் இஎஸ்சி. மூன்றும் குறையுள்ளவைதான். அந்தக் குறை சாலிடரிங் அயனால் தீருமா, கணினியால் தீருமா என்று பார்த்தே நான் தேர்ந்தெடுக்கிறேன்.

கார் இஎஸ்சியை விரைவாகவே ஒதுக்கிவிடலாம். 320 என்பது உறையில் அச்சிட்ட எண் மட்டுமே. முன்னே ஓடும்போது ரிமோட்டின் குச்சியைப் பின்னுக்கு இழுத்தால் அது பிரேக் பிடிக்கும். நடுவில் விட்டு மறுபடி இழுத்தால்தான் பின்னோக்கிச் சுழலும். இருபக்கச் சக்கரங்களையும் எதிரெதிராகச் சுழற்றித் திரும்பும் வண்டிக்கு இது ஆகாது. பிரேக்கை நீக்கும் ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு) இல்லாத ரகத்தில் குறை சிப்பின் புரோகிராமுக்குள் இருப்பதால், அயனுக்கு அங்கே வேலையில்லை.

பிடிஎஸ் 7960 அதற்கு நேர்மாறானது. பழைய எல்298 மோட்டார் இயக்கி சிப்பில் 2 ஆம்பியர் ஓடும்போதே 4.9 வோல்ட் வரை வீணாகலாம். இதிலோ மின்பாதையின் தடை சுமார் 16 மில்லிஓம் என்பதால், 10 ஆம்பியருக்கும் 1.6 வாட் அளவு வெப்பம்தான் எழும். இதன் குறைகளோ கண்ணுக்குத் தெரிபவை. ஒருமுறை மோதலின் நடுவே என் வண்டியின் இடச்சக்கரம் நின்றுபோனது; பிரித்துப் பார்த்தால் திருகு முனை அதிர்வில் தளர்ந்திருந்தது, அதன் இடுக்கில் தேவனாம்பட்டினத்து உப்புக் காற்று பச்சைக் களிம்பு ஏற்றியிருந்தது. அன்றிலிருந்து அந்த முனைகளைப் பிடுங்கிவிட்டு, தடித்த சிலிகான் வயரை நேரடியாகப் பற்றவைத்து, சாலிடர் இட்ட இடங்களில் நிறமற்ற நகப்பூச்சு பூசுகிறேன். ரிமோட்டின் கட்டளையை வண்டியில் வாங்கும் ரிசீவர் அனுப்பும் மின்துடிப்பை இது நேரடியாக ஏற்காது என்பதால் இடையில் ஒரு அர்டுயினோ நானோ (புரோகிராம் எழுதக்கூடிய சிறு போர்டு) தேவை; துடிப்பு நின்றால் மோட்டாரும் நிற்கும்படி அதில் எழுத மறந்தால், ரிமோட் இணைப்பு அறுந்த வண்டி அடங்காமல் ஓடும். வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்கின் எடைதான் உறுத்தல்.

எடையில் டிரோன் இஎஸ்சிக்கு ஈடில்லை. பிஎல்ஹெலி எஸ் என்ற மென்பொருள் உள்ள ரகமாக இருந்தால், அதே நானோவை இடைமுகமாக்கி, கணினியில் சுழற்சித் திசையை இருதிசை என்று மாற்றினால் போதும். பற்றவைக்க வேண்டியது பேட்டரி முனையருகே 35 வோல்ட், 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றுதான். ஆனால் சென்சார் இல்லாத மோட்டார் நின்ற நிலையில் அதன் சுழலும் பாகமான ரோட்டர் எங்கே இருக்கிறது என்பதை இது அறியாது. எதிராளியைச் சுவரோடு நெருக்கித் தள்ளும் வேளையில் திக்கித் திணறும்; அந்தக் குறையைக் கியர் விகிதம் கூட்டிக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது.

ஆகவே சக்கரங்களுக்கு எடையைப் பொறுத்துக்கொண்டு பிடிஎஸ் போர்டுகளையும், ஒரே திசையில் சுழலும் ஆயுதத்துக்கு டிரோன் இஎஸ்சியையும் வைத்திருக்கிறேன். அமைப்பை மாற்றியபின் முதல் சோதனையை ஆயுதத்தின் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செய்கிறேன்.