ஹராஜுகுவில் ஒரு கிதார் நகைக்கடை

டோக்கியோவுக்கு வேலையாகப் போன இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. ஹராஜுகுவில் எலெக்ட்ரிக் கிதார் செய்கிற ஃபெண்டர் கம்பெனி 2023 ஜூனில் திறந்த கடைக்குப் போனேன். பதினோரு வருடமாக அவர்களுடைய மலிவு பிராண்டான ஸ்குவையர் வாசிக்கிறவனுக்குத் தாய்வீட்டைப் பார்க்கிற ஆசை.

அடித்தளத்தில் காபிக்கடை. உள்ளே நுழைந்தால் ஜாக்கெட்டும் டி-ஷர்ட்டும் தொங்குகின்றன. மாடி ஏற ஏற விலையும் ஏறுகிறது. மூன்றாவது மாடியில் கஸ்டம் ஷாப் கிதார்கள், அதாவது ஃபெண்டரின் தனிப் பட்டறையில் செய்த உயர்விலைக் கிதார்கள். விலைச்சீட்டில் பூஜ்யங்களை இரண்டு தடவை எண்ணினேன்.

அங்கே ஒரு ஸ்ட்ராட்டை, அதாவது ஃபெண்டரின் பேர்போன ஸ்ட்ராடோகாஸ்டர் மாடலை, கேட்டு வாங்கி வாசித்தேன். முழங்கை படுகிற இடத்தில் பெயின்ட் உரிந்து மரம் தெரிகிறது. புதுக் கிதார்தான், பழசாகத் தெரியட்டும் என்று தொழிற்சாலையிலேயே தேய்த்திருக்கிறார்கள். ரெலிக் என்று பேர், அதற்குத் தனிக் காசு. சரி, வாசிக்க எப்படி? பொய் சொல்லக் கூடாது, அருமை. கழுத்தின் ஓரங்களை உருட்டியிருப்பதால் கை வழுக்கிக்கொண்டு போகிறது. மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) கம்பியை எவ்வளவு வளைத்து பெண்ட் செய்தாலும் ஸ்வரம் அமுங்கவில்லை. ஆனால் என் ஸ்குவையருக்கு, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற பிக்கப்பை நல்லதாகப் போட்டு, ஃப்ரெட்டைச் சீராக்கினால் முக்கால்வாசி தூரம் வந்துவிடும். மீதிக் கால்வாசிக்கா இத்தனை லட்சம் யென்?

கம்பெனியை ஆரம்பித்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிதார் வாசிக்கத் தெரியாது. கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் திருகில் மாட்டினார். செய்வதும் சுலபம், கெட்டால் கழற்றி வேறு போடலாம். 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது ட்ரெமொலோவோடு (ஸ்வரத்தை ஏற்றி இறக்கி ஆட்டுகிற கைப்பிடி) 249.50 டாலர். அன்றைக்கு அதுவும் சின்னக் காசு இல்லை, ஆனாலும் வாசித்துப் பிழைக்கிறவனுக்கென்று செய்த கருவி. இங்கே என் பக்கத்தில் நின்றவர், வாட்ச் வாங்குகிற மாதிரி, இந்த மாடலில் மொத்தம் எத்தனை செய்தார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கடைசிவரை ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை.

ஊழியர்களைக் குறை சொல்ல முடியாது. இவன் வாங்க மாட்டான் என்று தெரிந்தும் சுருதி சேர்த்து, இரண்டு கையாலும் நீட்டினார்கள். காபியும் நன்றாக இருந்தது. வேடிக்கை பார்க்கக் கட்டாயம் போகலாம்.

அப்புறம் ரயில் மாறி ஒச்சனோமிசு போனேன். தெரு முழுக்கக் கிதார் கடைகள். ஒன்றில் ஜப்பானில் செய்த பழைய ஸ்ட்ராட் கிடைத்தது. பின்பக்கம் யாரோ ஒருவரின் பெல்ட் பக்கிள் வருடக்கணக்கில் உரசிய கீறல்கள். அந்தக் கீறலுக்காக விலையைக் குறைத்துப் போட்டிருந்தார்கள்.