எலும்போரம் சிவப்பு: கோழி வெந்ததா என்று எதை நம்புவது?

கோழி வெந்ததா என்று பார்க்க நாலு வழி உண்டு: நிறம், வடியும் சாறு, மூட்டு கழல்வது, கறியில் குத்திச் சூடு பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர். பெரும்பாலானோர் நம்புவது நிறத்தை. நாலில் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான்.

பிராய்லர் ஐந்தாறு வாரத்திலேயே கடைக்கு வந்துவிடுகிறது. அந்த வயதில் எலும்பு முழுசாக இறுகியிருக்காது. வேகும்போது மஜ்ஜையின் ரத்த நிறமி கசிந்து எலும்பைச் சுற்றிச் செந்தீற்றலாகப் படியும். ஃப்ரீசரில் கிடந்த கால் பீஸ் என்றால் கறுத்தே தெரியும். கறி நன்றாக வெந்திருந்தாலும் இந்தக் கறை போகாது. களிக்கு வைக்கும் நாட்டுக்கோழியில் இந்தக் கசிவு குறைவு. மாசக்கணக்கில் வளர்ந்ததால் எலும்பு கெட்டி. ஆனால் அதன் தொடைக்கறியே இயல்பில் கருஞ்சிவப்பு.

கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைக் கடைகளில் கரியில் சுட்ட கோழியைப் பிய்த்தால் தோலுக்கு அடியில் ரோஸ் வளையம் தெரியும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் வாயுக்களும் தசையின் சிவப்பு நிறமியான மயோகுளோபினோடு சேர்ந்து அந்த நிறத்தை நிறுத்திவிடுகின்றன. வளையம் வெளிப்புறத்தில் இருந்தால் புகை. வெளியே வெளுத்து, நடுவில் மட்டும் ரோஸாக, கண்ணாடி மாதிரி வழவழப்பாக, எலும்பை விடாமல் இருந்தால் பச்சை. திரும்ப அடுப்புக்குப் போகட்டும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு, ஆபத்து அதில்தான் அதிகம். தயிர், எலுமிச்சையில் ஊறிய கறியில் புளிப்பினால் நிறமி சீக்கிரமே வெளுத்துவிடும். வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி சாகும் சூடு வருவதற்கு முன்னாலேயே வெந்தது போலத் தோன்றும். மிளகாய்த்தூளும் கலர் பொடியும் போட்ட சிக்கன் 65-இல் நிறம் பார்ப்பதற்கே ஒன்றுமில்லை.

சாறு நிறத்தைவிடக் கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். மூட்டு கழல்வது கறி மெத்தென்று ஆனதைச் சொல்லும். முழுக்கோழிக்கும் நாட்டுக்கோழிக்கும் உதவும், எலும்பில்லாத துண்டுக்கு என்ன செய்வது?

தெர்மாமீட்டர் ஒன்றுதான் நேரடிப் பதில். துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்தால், ரோஸாக இருந்தாலும் சாப்பிடலாம். தொடையில் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்த வேண்டும். எலும்பில் முனை பட்டால் அளவு தப்பாகக் காட்டும். கருவி சரியா என்று பார்க்க ஐஸ் தண்ணீரில் விடுங்கள், 0 காட்ட வேண்டும். ஓசூரில் கொதிநீரில் விட்டு 97 காட்டினால் பழுது என்று தூக்கிப் போடாதீர்கள். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் தண்ணீர் அந்தச் சூட்டிலேயே கொதிக்கும்.

குழம்புக்கு இந்தக் கருவியெல்லாம் வேண்டாம். சிறு துண்டுகள் அரை மணி நேரம் தளதளவென்று கொதித்திருந்தால் 74-ஐ எப்போதோ தாண்டியிருக்கும்; எலும்போரக் கருஞ்சிவப்பைக் கண்டு தட்டைத் தள்ள வேண்டியதில்லை. தவறு நடப்பது எண்ணெயில் பொரிப்பதிலும் சுடுவதிலும். ஐஸ் விடாத கால் பீஸை நேராக எண்ணெயில் போட்டால் தோல் கருகும், உள்ளே பச்சை. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்து ஐஸ் விடட்டும். எலும்பு வரைக்கும் இரண்டு மூன்று கீறல் போடுங்கள். சட்டியை நிறைக்காதீர்கள், எண்ணெய்ச் சூடு சட்டென்று இறங்கிவிடும். பொரித்த பின்னும் நடுவில் 74 வரவில்லையா? எண்ணெயை வடித்துவிட்டு இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்து மறுபடி குத்திப் பாருங்கள். மொறுமொறுப்பு போகும், போகட்டும்.