உறுமும் மோட்டாரைக் கழற்றிக் கொடுக்கும் முன்பு

புதுச்சேரியை அடுத்த காலாப்பட்டு பக்கம் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். மூன்று அறை, பின்னால் ஒரு நீச்சல் குளம். ஈசிஆரில் இப்படி வீடு வைத்திருப்பவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். அதனால்தான் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை. குளத்து மோட்டார் சுவிட்சைப் போட்டால் "ம்ம்ம்" என்று உறுமுகிறது, ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் சூடேறித் தானாக நின்றுவிடுகிறது. மறுநாள் சென்னையிலிருந்து இரண்டு குடும்பம் வருகிறது. தெரிந்தவர் கொடுத்த நம்பரில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். "நான் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு தடவ போட்டுப் பாருங்க அக்கா" என்றார். போட்டுப் பார்த்தேன். அது எவ்வளவு தப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

வந்தவர் எதையும் திறக்கவில்லை, மீட்டர் வைக்கவில்லை. சுவிட்சைப் போட்டுச் சத்தத்தை மட்டும் கேட்டார். "காயில் போயிடுச்சு அக்கா, கட்டணும். திங்கக்கிழமை ரெடி." காயில் என்றால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி; அதைப் புதுசாகச் சுற்றுவதைத்தான் கட்டுவது என்பார்கள். ஒரு எச்பி மோட்டாருக்கு 6,800 ரூபாய். எனக்கு அவசரம், சரி என்றேன். வந்து சேர்ந்தது புதன்கிழமை. அந்த வெயிலில் அதற்குள் தண்ணீர் பச்சையாகிவிட்டது. டியூபை இடுப்பில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் குளத்துப் படியில் நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பாதி வாடகையைத் திருப்பிக் கொடுத்தோம்.

மோட்டாருக்கு நீலப் பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி கொண்டு வந்தார். பில் கிடையாது. இருபது நாள் ஓடியது. பிறகு அதே உறுமல்.

இந்த முறை என் மாமனாரின் சிநேகிதர் வந்தார். புதுச்சேரி ஏஎஃப்டி துணி மில்லில் மோட்டார் வேலை பார்த்தவர். முதலில் மெயினை இறக்கினார். பின்மூடியைக் கழற்றி ஃபேனைக் கையால் சுற்றினார். தடையில்லாமல் சுற்றியது. "பாரும்மா, பேரிங் பிடிக்கல, இம்பெல்லர்ல ஒண்ணும் மாட்டல. அப்ப கன்டென்சர்தான்." கன்டென்சர் என்பது மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்ன உருளை டப்பா; இம்பெல்லர் தண்ணீரைத் தள்ளும் சக்கரம். எங்கள் பக்கம் சவுக்குத் தோப்பு. அந்த ஊசித் தழை குப்பை பிடிக்கும் கூடையைத் தாண்டிப் போய் இம்பெல்லரில் சிக்கினாலும் இதே சத்தம்தான் வருமாம்.

கரண்டை நிறுத்திய பிறகும் கன்டென்சர் ஷாக் அடிக்கும். ஹோல்டரோடு ஒரு குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் அதன் முனைகளில் வைத்து சார்ஜை இறக்கிய பிறகே தொட்டார். கன்டென்சரின் வயிறு உப்பிப் போயிருந்தது. அதில் அச்சடித்திருந்த வருஷம் 2016! காயில் கட்டியதாகச் சொன்னவர், எங்கிருந்தோ கழற்றிய பழைய கன்டென்சரை மாட்டியிருக்கிறார். அதே மைக்ரோஃபேரட் (கன்டென்சரின் அளவு), அதே 440 வோல்ட்டில் புதுசு வாங்கினோம். 260 ரூபாய். மோட்டார் எடுத்தவுடன் ஓடியது.

சாதாரண வீட்டுக் கரண்டில் ஓடும் சிங்கிள் பேஸ் மோட்டார் தானாகக் கிளம்பாது, கன்டென்சர்தான் ஸ்டார்ட்டிங் காயிலுக்குத் தள்ளிவிடும் கரண்டைக் கொடுக்கிறது என்று விளக்கினார். அது செத்தால் காந்தம் துடிக்கும், உருளை சுற்றாது. சுற்றாமல் நிற்கும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் நல்ல காயிலும் உண்மையாகவே கருகிவிடும். அந்த மெக்கானிக் எனக்கு போனில் செய்யச் சொன்னது அதைத்தான்.

பிறகு மோட்டாரைப் பிரித்து உள்ளே காட்டினார். புதுசாகக் கட்டிய காயிலில் வார்னிஷ் பளிச்சென்று இருக்கும், கட்டு நூல் புதுசாக இருக்கும். இங்கே எல்லாம் கறுத்துப்போய், பல வருஷத் தூசியோடு அப்படியே இருக்கிறது. வெளியே மட்டும்தான் பெயின்ட்.

ஸ்டார்ட்டிங் காயில் அறுந்தாலும், வோல்டேஜ் இறங்கினாலும் மோட்டார் உறுமும் என்பது உண்மைதான். ஆனால் அதை மீட்டர் வைத்துத்தான் சொல்ல முடியும், காதால் கேட்டுச் சொல்ல முடியாது.

அந்த மெக்கானிக்குக்கு போன் செய்து, கழற்றிய பழைய காயில் கம்பி எங்கே என்று கேட்டேன். "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு அக்கா" என்றார். பிரித்துப் பார்த்துவிட்டோம் என்று சொன்னதும் வைத்துவிட்டார், அப்புறம் எடுக்கவே இல்லை. பணம் அனுப்பிய ஜிபே ரசீதும், உள்ளே எடுத்த போட்டோக்களும் பத்திரமாக வைத்திருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கப் போகிறேன். உங்கள் மோட்டார் இப்போது யாரிடமாவது காயில் கட்டக் கொடுத்திருந்தால், பழைய கம்பியைக் கையில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.