கொம்பியூட்டரின் வேகத்தைப் பூட்டி வைப்பதா, அதன்பாட்டில் விடுவதா?

3.2 கிகாஹேர்ட்ஸ் என்று சொல்லி விற்ற கொம்பியூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்தால் வேகம் 0.79 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிப்போட்டார் என்று உடனே எனக்குப் போன் வரும். ஏமாற்று ஒன்றுமில்லை, வேலை இல்லாத நேரத்தில் புரொசசர், அதாவது கொம்பியூட்டரில் கணக்கெல்லாம் செய்கிற சில்லு, தானாகவே வேகத்தை இறக்கிக்கொள்கிறது. இதைச் சொன்னாலும் பலருக்கு மனம் ஆறாது. காசு கொடுத்தது 3.2க்கு, பிறகெதற்கு இது 0.79இல் கிடக்கிறது என்று, யூரியூப்பில் யாரோ காட்டியபடி பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்குமுன் வருகிற மதர்போட் செற்றிங்) போய் அந்த வசதியை நிறுத்திவிட்டு, "இப்ப பறக்குது அண்ணை" என்பார்கள். பறக்கிறதா இல்லையா, பறந்தால் அதற்கு என்ன செலவு என்பதைப் பார்ப்போம்.

கோண்டாவிலில் வீட்டோடு ஒட்டிய அறை ஒன்றில், கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற மாமா மாமிமாருக்கு அனுப்பக்கூடிய மாதிரி ஆக்கிக் கொடுப்பதுதான் என் தொழில். அறைக்கு ஏசி இல்லை. மேசையில் இருப்பது பாவித்ததாக வாங்கிய, இன்டெல் ஐ5-4570 புரொசசர் போட்ட டெஸ்க்டொப், வெளியில் கொண்டு திரிவது ஐ5-8250யூ போட்ட லப்டொப். இரண்டிலும் நான் வேகத்தைப் பூட்டவில்லை. அதன்பாட்டில் விடுகிற கட்சிதான் நான், இப்போதே சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டொப்பில் மட்டும் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஒரு சின்ன மாற்றம் செய்வேன், அது பிறகு வரும்.

முதலில் வேகம் எப்படி மாறுகிறது என்று பார்த்துவிடுவோம். என்னுடைய 4570இல் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹேர்ட்ஸ். அதை ஒரு பெருக்கியால் பெருக்கினால் வருவதுதான் நாம் பார்க்கிற வேகம். சும்மா கிடக்கும்போது பெருக்கி 8, ஆகவே 800 மெகாஹேர்ட்ஸ். வேலை வந்தால் 32. புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யக்கூடிய நாலு கோர் இருக்கிறது. ஒரு கோருக்கு மட்டும் வேலை இருந்தால் டேர்போவில், அதாவது அடிப்படை வேகத்துக்கு மேலே பாய்கிற நிலையில், 36 வரை ஏறும், நாலு கோரும் சேர்ந்து இழுத்தால் அந்த உச்சத்துக்குப் போகாது. சீபியூ-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஃபோல்டரைத் திறந்து மூடிப் பாருங்கள், பெருக்கி 8இலிருந்து பாய்ந்து ஏறித் திரும்ப விழுவதும், அதோடு சேர்ந்து வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதும் கண்ணுக்கு முன்னால் தெரியும். வேகத்தோடு வோல்ட்டேஜும் இறங்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மிச்சக் கதை முழுக்க அதைப் பற்றித்தான்.

இன்டெல் இதை ஸ்பீட்ஸ்டெப் என்ற பெயரில் 2000ஆம் ஆண்டு லப்டொப்புக்கான பென்டியம் 3இல் கொண்டுவந்தது. அப்போது இரண்டே படிதான். கரண்டில் ஓடினால் 600 அல்லது 650, பற்றரிக்குப் போனால் 500. போட்டிக் கொம்பனியான ஏஎம்டி, லப்டொப்பில் பவர்நவ் என்றும், அத்லொன் 64 காலத்தில் டெஸ்க்டொப்பில் கூல் அண்ட் குவயட் என்றும் பெயர் வைத்தது. வேலை ஒன்றுதான்.

இதோடு பலர் போட்டுக் குழப்புகிற இன்னொன்று சீ-ஸ்டேட். ஸ்பீட்ஸ்டெப் வேகத்தைக் குறைக்கிறது, சீ-ஸ்டேட் கோரை உறங்க வைக்கிறது. சீ1இல் கோருக்குப் போகிற துடிப்பு நிற்கும், சீ6இல் அந்தக் கோருக்கு மின்சாரமே வெட்டப்படும். இரண்டும் வேறு வேறு வசதிகள், பயோஸிலும் தனித்தனியாகத்தான் இருக்கும்.

சரி, பூட்டி வைக்கிற பக்கம். விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸில் ஹை பெர்போமன்ஸ் திட்டத்தைத் தெரிவுசெய்தால் புரொசசரின் ஆகக் குறைந்த நிலை 100 வீதமாகிவிடும், வழமையான பலன்ஸ்ட் திட்டத்தில் அது 5 வீதம். இது நல்ல வழி, வேண்டாமென்றால் ஒரு கிளிக்கில் திரும்பலாம். பயோஸுக்குள் போய் ஸ்பீட்ஸ்டெப்பையே நிறுத்துவது மற்ற வழி. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பல இன்டெல் மதர்போட்களில் ஸ்பீட்ஸ்டெப்பை நிறுத்தினால் டேர்போவும் சேர்ந்து நின்றுவிடும், ஏனென்றால் டேர்போவும் அந்த வேக ஏணியின் கடைசிப் படிதான். வேகம் வேண்டுமென்று போனவர் 3.6ஐ இழந்து 3.2இல் நிற்பார், டாஸ்க் மனேஜரில் எண் ஆடாமல் நிற்பதைப் பார்த்துச் சந்தோசமும் படுவார்.

பூட்டினால் கிடைப்பது என்ன? ஏறுவதற்கு எடுக்கிற நேரம் மிச்சம். பழைய முறையில் விண்டோஸ்தான் இடைக்கிடை வேலையின் அளவைப் பார்த்து வேகத்தை ஏற்றும், அதில் சில பத்து மில்லிசெக்கன்கள் போகும். 2015இல் வந்த ஸ்கைலேக்கிலிருந்து ஸ்பீட் ஷிஃப்ட் என்ற வசதியோடு புரொசசரே அதைத் தீர்மானிப்பதால் இன்னும் சுறுக்காக நடக்கிறது. ஒரு மணித்தியால வீடியோவை ரெண்டர் பண்ண (வெட்டி ஒட்டியதை முடிந்த வீடியோவாக எழுத) கொடுத்தால் புரொசசர் ஏறிய இடத்திலேயே நின்று வேலை செய்யும், முதல் மில்லிசெக்கன்களில் மிச்சம் பிடித்ததை எங்கே காண்பது? என் டெஸ்க்டொப்பில் ஒரே புரொஜெக்டை இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன், சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை. டைம்லைனை இழுக்கும்போது மட்டும் பூட்டிய நிலையில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போவது போல இருந்தது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

கரண்ட் பில்லைக் காட்டிப் பூட்டாதே என்று பயமுறுத்துகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 3.2இல் பூட்டினாலும் சீ-ஸ்டேட் இருக்கும்வரை வேலையில்லாத கோர் உறங்கிவிடும், உறங்குகிற கோருக்கு எந்த வேகம் குறித்து வைத்திருந்தால் என்ன? சும்மா கிடக்கிற நேரத்தில் இரண்டுக்கும் இடையில் மின்சார வித்தியாசம் சின்னதுதான். சீ-ஸ்டேட்டையும் சேர்த்து நிறுத்தினால்தான் கதை மாறும், அப்போது ஒன்றும் செய்யாமலே சுடும்.

என்னை இந்தப் பக்கம் நிற்க வைத்தது வெக்கையும் புழுதியும்தான்.

புரொசசர் தின்கிற மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், வோல்ட்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 3.2இலிருந்து 3.6 என்றால் வேகம் எட்டில் ஒரு பங்கு கூடுகிறது. அந்த வேகத்தைத் தாங்க வோல்ட்டேஜ் 10 வீதம் கூட வேண்டியிருந்தது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1.1ஐ 1.1ஆல் பெருக்கி, 1.125ஆல் பெருக்கினால் 1.36. வேகம் 12 சொச்சம் வீதம், சூடு 36 வீதம். அதனால்தான் கடைசிச் சில நூறு மெகாஹேர்ட்ஸ் எப்போதும் விலை கூடியது, கீழே இறங்கும்போது கிடைக்கிற லாபமும் பெரியது.

இந்தச் சூட்டை வெளியே தள்ளுவது அறைக் காற்று. சித்திரையில் எங்கள் அறைக்குள்ளேயே 34, 35 பாகை. ஃபான் எவ்வளவு சுற்றினாலும் அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒன்றையும் ஆக்க முடியாது. வைகாசியில் சோளகம் பிடித்தால் புரட்டாதி மட்டும் புழுதி, அதுவும் வலிகாமத்துச் செம்மண் புழுதி. யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். ஃபானைக் கழற்றிப் பார்த்தால் அதற்கும் கீழே இருக்கிற அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் சாக்குத் துண்டு போல ஒரு புழுதிப் படை. மேலிருந்து பார்க்கிறவருக்குத் தெரியாது, ஃபானும் நன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும், காற்று மட்டும் தகடுகளுக்குள் இறங்காது.

அப்படி அடைபட்ட மெசினில் வேகத்தைப் பூட்டினால் என்ன நடக்கும்? 4570இன் எல்லை 100 பாகை. அதைத் தொட்டதும் புரொசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தை இறக்கும், விண்டோஸில் 100 வீதம் என்று போட்டிருந்தாலும் அதைக் கேட்காது. பூட்டு என்று நாம் நினைப்பது சூட்டுக்கு முன்னால் பூட்டே இல்லை. பாவித்த மெசின் வாங்குகிறவர்கள் இதைக் கடையிலேயே பார்க்கலாம். நாலு கோரும் இழுக்கிற மாதிரி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பேச்சுக் கொடுங்கள், வேகம் அடிப்படை அளவுக்குக் கீழே விழுந்தால் குறை பெரும்பாலும் புழுதியிலோ புரொசசருக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவில் பூசிய, காய்ந்துபோன பேஸ்ட்டிலோ இருக்கும், செற்றிங்கில் இராது.

பராமரிப்பு என்று வந்தால் துப்புரவாக்குவது சும்மா வேலை இல்லை. ஊதும்போது ஃபானின் இறக்கையை விரலால் பிடிக்க வேண்டும், சுற்றவிட்டு ஊதினால் பெயரிங் கெடும். கூலரை (ஃபானும் தகடுகளும் சேர்ந்தது) முழுதாகக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது போட்டே ஆக வேண்டும். இன்டெல்லோடு வருகிற கூலரைப் பிடித்திருப்பது நாலு பிளாஸ்ரிக் ஊசி. பழசானால் அவை முறுகிப்போய் இருக்கும், கழற்றிப் பூட்டும்போது ஒன்று முறிந்தால் கூலர் ஒரு பக்கம் எழும்பி நிற்கும், பிறகு எந்தச் செற்றிங்கும் உதவாது. ஆகவே எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கழற்ற வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதன்பாட்டில் விட்ட மெசினில், நான் எழுத்துப் போடும்போது, படம் தெரிவுசெய்யும்போது, வாடிக்கையாளர் பக்கத்தில் இருந்து "அந்த மாமியை வெட்டிப்போடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, வோல்ட்டேஜ் இறங்கி ஃபான் அடங்கிக் கிடக்கிறது. இந்த அரைகுறை வேலை நேரம்தான் ஒரு நாளில் பெரும்பகுதி. பூட்டிய மெசினில் அந்த நேரத்திலும் ஒவ்வொரு சின்ன வேலையும் முழு வோல்ட்டேஜில் நடக்கும், ஃபான் அடங்காது, கூடச் சுற்றுகிற ஃபான் புழுதியையும் கூடத்தான் உள்ளே இழுக்கும்.

யூபிஎஸ்ஸையும் இதில் சேர்க்கலாம். 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர் மணி லெட் அசிட் பற்றரி ஒன்று. அந்தப் பற்றரியில் சுமையைப் பாதியாக்கினால் நேரம் இரட்டிப்புக்கும் மேலே வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன காலத்தில் எந்த யூபிஎஸ்ஸும் கைகொடுக்கவில்லை, அது வேறு. ஆனால் இப்போது திடீரென்று போய் வருகிற கரண்டுக்கு, ரெண்டரை நிறுத்தியதும் தானாக இறங்குகிற மெசின் என்றால் பதறாமல் சேவ் பண்ண நேரம் கிடைக்கும்.

இனி அந்தச் சின்ன மாற்றம். அதே பவர் ஒப்ஷன்ஸில் புரொசசரின் ஆகக் கூடிய நிலையை 100இலிருந்து 99 வீதத்துக்கு இறக்கினால் பெரும்பாலான இன்டெல் மெசின்களில் டேர்போ நின்றுவிடும், மற்ற ஏற்ற இறக்கம் வழமைபோல நடக்கும். சோளகத்தில் நான் டெஸ்க்டொப்பை இப்படித்தான் விடுகிறேன். நாலு கோரும் ஓடுகிற ரெண்டரில் 4570 எப்படியும் 3.6க்குப் போவதில்லை என்பதால் இழப்பு கொஞ்சம்தான். ஆனால் இதையே லப்டொப்பிலும் செய்துவிடாதீர்கள். 8250யூவின் அடிப்படை வேகம் 1.6, டேர்போ 3.4. டேர்போவை நிறுத்தினால் பாதிக்கு மேல் போய்விடும், மெசின் நத்தையாகிவிடும். அதில் 15 வோட் எல்லையை வைத்து புரொசசரே கணக்குப் பார்க்கிறது, கொஞ்ச நேரம் பாய்ந்துவிட்டுத் தானாக இறங்கும். அதைப் பூட்டுவதும் வீண், வெட்டுவதும் நட்டம். அடியில் காற்றுப் போக இடம் விட்டால் போதும்.

லினக்ஸ் பாவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேகத்தைப் பார்த்துக்கொள்கிற இன்டெல் பீஸ்டேட் டிரைவரில் பவர்சேவ் என்று இருந்தால் ஆகக் குறைந்த வேகத்தில் கிடக்கும் என்று பயப்பட வேண்டாம், வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதைப் பார்த்துப் பதறி பெர்போமன்ஸுக்கு மாற்றுகிறவர்களை அடிக்கடி காண்கிறேன்.

ஏஎம்டியின் ரைசன் மெசின்களையும், 2021இன் கடைசியில் வந்த 12ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லில் பெரிய கோர், சின்ன கோர் என்று இரண்டு வகை வைத்து வருகிறவற்றையும் பிறருக்குச் செற் பண்ணிக் கொடுத்ததோடு சரி, நாள் முழுக்க வைத்து வேலை செய்த அனுபவம் எனக்கு இல்லை. அவற்றை வந்தபடியே விட்டேன், ஒருவரும் திரும்பிவந்து குறை சொல்லவில்லை, அவ்வளவுதான் என் சாட்சி.

பூட்டுவது சரி என்று நான் ஒப்புக்கொள்கிற இடமும் இருக்கிறது. சுன்னாகத்தில் பாட்டுப் பதிவு செய்கிற சிநேகிதன் ஒருவன், மிருதங்கமும் வயலினும் நேரடியாகப் பதிவாகும்போது இடையில் டிக் டிக் என்று சத்தம் விழுகிறது என்று அலைந்தான். உறங்கிய கோர் எழும்ப எடுக்கிற அந்தச் சொற்ப நேரம் ஒலிப்பதிவில் அப்படித் தலைகாட்டுவதுண்டு. பதிவு நடக்கும்போது மட்டும் ஹை பெர்போமன்ஸுக்கு மாற்றி, பயோஸில் ஆழமான சீ-ஸ்டேட்டுகளை நிறுத்தினான், சத்தம் போய்விட்டது. அவனுடைய அறைக்கு ஏசி இருக்கிறது, யன்னலும் இல்லை.